ஜீயஸ் மீதான வழக்கு

பலியிட ஆளில்லாமல், கோயில்கள் பாழடைந்து, பூசாரிகளின் மரபும் அறுந்துபோன பிறகு ஒரு தெய்வத்தின் கதை என்ன ஆகும் என்பது சமய வரலாற்றில் விடை சொல்லக் கடினமான கேள்விகளுள் ஒன்று. பெரும்பாலும் வழிபாட்டோடு கதையும் மறைந்துவிடும். மெசபொத்தேமியாவின் கில்கமேஷ் காவியம், 19ஆம் நூற்றாண்டில் நினிவே நகரத்து இடிபாடுகளிலிருந்து களிமண் பலகைகள் தோண்டியெடுக்கப்பட்டுப் படிக்கப்படும்வரை, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் எவரும் அறியாமல் மண்ணுக்குள் கிடந்தது. கிரேக்கத் தொன்மங்களுக்கு, அதாவது அச்சமூகம் தன் தெய்வங்களைப் பற்றியும் உலகத் தோற்றத்தைப் பற்றியும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கதைகளுக்கு, அந்தக் கதி நேரவில்லை. உரோமப் பேரரசர் முதலாம் தியடோசியஸ் 391, 392ஆம் ஆண்டுகளில் பிறப்பித்த ஆணைகள் பலியையும் கோயில் வழிபாட்டையும் தடைசெய்த பின்னரும், கிறித்தவ ஐரோப்பா அக்கதைகளைப் பள்ளியில் கற்றது, சுவர்களில் தீட்டியது, மேடையில் நடித்தது. கதைகளின் அழகே இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் வழிபாடு ஒழிந்ததே அக்கதைகளுக்குப் புதிய வேலை ஒன்றைத் தேடித்தந்தது என்பதை அந்த விளக்கம் கவனிப்பதில்லை. இறைவன் நீதிமானா என்று நேரடியாகக் கேட்பவன் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ளும் காலங்களில், கும்பிடுவார் இல்லாத ஜீயஸைக் குற்றக் கூண்டில் ஏற்ற எவரும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

புரொமீதியஸின் கதையைவிட இதற்குத் தெளிவான சான்று வேறில்லை. அதன் மிகப் பழைய வடிவம், கி.மு. 700 அளவில் வாழ்ந்த ஹெசியட் என்ற கவிஞரின் இரு நூல்களில் கிடைக்கிறது. அங்கே கதை நெருப்பில் தொடங்காமல் இறைச்சியில் தொடங்குகிறது. மெகோனே என்னும் இடத்தில் தெய்வங்களும் மனிதர்களும் தத்தம் பங்கைப் பிரித்துக்கொள்ளக் கூடியபோது, டைட்டன்கள் எனப்படும் மூத்த தெய்வக் குலத்தில் பிறந்த புரொமீதியஸ் ஒரு பெரிய மாட்டை அறுத்து இரண்டு கூறாக்கினான். நல்ல இறைச்சியையும் கொழுத்த உள்ளுறுப்புகளையும் தோலில் பொதிந்து, பார்க்கவே அருவருப்பான இரைப்பையால் மூடி ஒருபுறம் வைத்தான். வெறும் எலும்புகளை ஒழுங்காக அடுக்கி, பளபளக்கும் கொழுப்பால் போர்த்தி மறுபுறம் வைத்தான். தெய்வங்களின் அரசனான ஜீயஸ் கொழுப்பு போர்த்திய பங்கைக் கேட்டு வாங்கினான். கிரேக்கர்கள் பலியிடும்போதெல்லாம் எலும்பையும் கொழுப்பையும் தெய்வத்துக்கென எரித்துவிட்டு இறைச்சியைத் தாங்களே சமைத்து உண்டதற்கு இந்தக் கதைதான் விளக்கம். ஹெசியட் பக்திமான் என்பதால், ஜீயஸ் சூதை அறிந்தேதான் அந்தப் பங்கை எடுத்தான் என்று அவசரமாக ஒரு சமாதானமும் சொல்கிறார். அந்தச் சமாதானம் கதைக்குப் பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கிறது. அறிந்தே எடுத்தவனுக்கு அவ்வளவு கோபம் எதற்கு? சினந்த ஜீயஸ் மனிதர்களிடமிருந்து நெருப்பை மறைத்தான். புரொமீதியஸ் அதைப் பெருஞ்சீரக இனத்துச் செடியொன்றின் உட்குழிந்த தண்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான். மனிதர்களுக்குத் தண்டனையாகப் பண்டோரா என்னும் முதற்பெண் படைக்கப்பட்டாள். திருடியவன் சங்கிலியால் பிணைக்கப்பட்டான். கழுகு பகலெல்லாம் அவன் ஈரலைத் தின்ன, இரவில் அது மீண்டும் வளர்ந்தது.

இந்தக் குற்றவாளிக்கு ஏதென்ஸ் நகரத்தில் பலிபீடம் இருந்தது. பிற்காலத்தில் பிளேட்டோவின் கல்விக்கழகம் அமைந்த அகாடமி என்னும் சோலையிலேயே அது இருந்ததாகவும், அங்கிருந்து இளைஞர்கள் எரியும் பந்தங்களை ஏந்தி நகரை நோக்கி ஓடியதாகவும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணியான பௌசானியஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பந்தயத்தின் விதி விசித்திரமானது: முதலில் வந்தவனின் பந்தம் அணைந்திருந்தால் வெற்றி அவனுக்கு இல்லை, அடுத்தவனுக்குப் போகும், அவனுடையதும் அணைந்திருந்தால் மூன்றாமவனுக்கு, எல்லாப் பந்தங்களும் அணைந்துவிட்டால் எவருக்குமே வெற்றி கிடையாது. இன்று ஒலிம்பிக் விளையாட்டுக்கு முன் நாடு நாடாகச் சுடர் ஏந்தி ஓடும் வழக்கத்தைப் பழங்கிரேக்க மரபு என்று பலரும் நம்புகின்றனர். பழைய ஒலிம்பிக்கில் அப்படியொரு ஓட்டம் இருந்ததே இல்லை; கார்ல் டீம் என்ற ஜெர்மானியரின் திட்டப்படி 1936ஆம் ஆண்டு பெர்லின் போட்டிக்காக, ஹிட்லரின் ஆட்சியில்தான் அது தொடங்கியது. கிரேக்கத் தொன்மத்தின் செல்வாக்கு என்று பேசப்படுவதில் எவ்வளவு பிற்காலத்தவரின் கைவேலை என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

கிரேக்கத் தெய்வங்களைக் கூண்டில் ஏற்றும் வேலையைக் கிறித்தவர்கள் தொடங்கவில்லை, கிரேக்கர்களே தொடங்கினர். மாற்ற முடியாத மறைநூல் என ஒன்றும், கதையின் சரியான வடிவம் எது என்று தீர்ப்புச் சொல்லும் குருமார் அமைப்பும் அவர்களிடம் இல்லாததால், கவிஞர் ஒவ்வொருவரும் கதையைத் தம் விருப்பப்படி மாற்றினர். சிந்தனையாளர்கள் அதைக் கேள்வி கேட்டனர். மனிதரிடையே இழிவாகக் கருதப்படும் களவையும் பிறன்மனை விழைதலையும் ஏமாற்றுதலையும் ஹோமரும் ஹெசியடும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டனர் என்று கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே செனோஃபனீஸ் கண்டித்தார். அதே காலத்தில் ரீஜியம் ஊரைச் சேர்ந்த தியாஜெனீஸ், ஹோமரின் காவியத்தில் தெய்வங்கள் ஒன்றோடொன்று பொருதுவது வெப்பமும் குளிரும், ஈரமும் வறட்சியும் மோதுவதையே குறிக்கிறது என்று விளக்கினார். வெளிப்படையாகத் தெரியும் கதைக்கு அடியில் வேறொரு கருத்து மறைந்திருப்பதாகக் கொண்டு பொருள் கூறும் இம்முறையை உருவகப் பொருள்கோள் எனலாம். கண்டனமும் பொருள்கோளும் சேர்ந்தே பிறந்தன என்பது கவனிக்கத்தக்கது. கதையைத் தாக்கியவர்களும் அதைக் காப்பாற்ற முனைந்தவர்களும், உள்ளதை உள்ளபடியே அதை நம்ப முடியாது என்பதில் ஒத்துப்போயினர்.

வழக்கை முறையாகப் பதிவுசெய்தது நாடக மேடை. ஈஸ்கிலஸின் பெயரால் வழங்கும் ‘பிணிக்கப்பட்ட புரொமீதியஸ்’ நாடகத்தை அவரே எழுதினாரா என்று அறிஞர்கள் ஐயுறுகின்றனர். அதன் வலிமையைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை. ஆட்சிக்குப் புதிதாக வந்த கொடுங்கோலனாக ஜீயஸ் அதில் சித்திரிக்கப்படுகிறான். மேடைக்கு அவன் வருவதேயில்லை, அவனுடைய ஏவலாட்களான அதிகாரமும் வன்முறையும் உருக்கொண்டு வருகின்றன, ஆணியடிக்கும் கொல்லத் தெய்வமான ஹெஃபைஸ்டஸ் மனமில்லாமல் அடிக்கிறான். ஜீயஸின் காமத்தால் பசுவாக மாற்றப்பட்டு, ஈக்கடியில் நாடு நாடாக ஓடும் ஐயோ என்ற பெண், இரண்டாவது சாட்சியைப் போல வந்து நிற்கிறாள். தான் செய்ததைப் புரொமீதியஸ் மறுக்கவில்லை, பட்டியலிடுகிறான்: எண், எழுத்து, ஏரில் மாடு பூட்டுதல், கப்பல், மருந்து, குறி பார்த்தல், உலோகம் தோண்டுதல் என மனிதர் கற்ற கலைகள் அனைத்தும் தன்னிடமிருந்தே வந்தவை என்கிறான். ஹெசியடிடம் திருட்டாக இருந்தது இங்கே கொடையாகிவிட்டது. மனிதகுலத்தையே அழித்துவிட ஜீயஸ் எண்ணியிருந்தான் என்னும் குற்றச்சாட்டும் கூடவே வருவதால், அறிவு வளர்ச்சியும் இறைவனின் விருப்பமும் எதிரெதிரானவை என்ற எண்ணம் மேலை மரபில் முதன்முறையாக முழு உருப் பெறுவது இந்த நாடகத்தில்தான் எனலாம்.

ஆனால் இதற்கு அடுத்து வந்த நாடகத்தில், ஐயோவின் வழிவந்த ஹெராக்ளிஸ் கழுகை எய்து கொல்ல, விடுதலையும் சமரசமும் நிகழ்ந்ததாகத் தெரிகிறது. அந்த நாடகம் அழிந்துபோய், சிதறிய சில துணுக்குகளே எஞ்சியுள்ளன. வாதியின் வாதம் முழுமையாகக் கிடைக்க, தீர்ப்பு எழுதிய ஏடு தொலைந்துபோன இந்த விபத்து, பின்வந்த ஈராயிரம் ஆண்டுச் சிந்தனையைப் பெரிதும் திசைதிருப்பியது.

ஜீயஸின் தரப்புக்கும் ஒரு வழக்கறிஞர் இருந்தார் என்பது மறக்கப்பட்டுவிட்டது. பிளேட்டோ தம் ‘புரொட்டகோரஸ்’ உரையாடலில், அப்பெயருடைய சோஃபிஸ்ட்டின், அதாவது ஊர் ஊராகச் சென்று கட்டணத்துக்குப் பேச்சுக்கலையும் நல்லொழுக்கமும் கற்பித்த ஆசிரியர்களுள் ஒருவரின், வாயில் இதே கதையை வேறு விதமாக வைத்துச் சொல்கிறார். உயிர்களுக்கெல்லாம் நகம், தோல், வேகம், பலம் என்று பங்கிட்டுக் கொடுத்த எபிமீதியஸ், கையிருப்பு தீர்ந்த பிறகுதான் மனிதனுக்கு எதுவும் மிச்சமில்லை என்று கண்டான். அவன் உடன்பிறந்தானான புரொமீதியஸ் அந்தக் குறையை ஈடுகட்ட, ஹெஃபைஸ்டஸ், அதீனா ஆகியோரின் தொழில்நுட்ப அறிவையும் நெருப்பையும் திருடித் தந்தான். அவற்றைக் கொண்டு மனிதர்கள் வீடும் உடையும் செருப்பும் மொழியும் உண்டாக்கினர். எனினும் ஓரிடத்தில் கூடிவாழ முயன்றபோதெல்லாம் ஒருவருக்கொருவர் தீங்கிழைத்துச் சிதறினர். கூடிவாழும் கலை ஜீயஸிடம் இருந்தது, அங்கே புரொமீதியஸால் நுழைய முடியவில்லை. மனித இனம் அழிந்துவிடுமே என்று அஞ்சிய ஜீயஸ்தான், பழிக்கு நாணும் உணர்வையும் நீதியையும் ஹெர்மீஸிடம் கொடுத்தனுப்பினான். மருத்துவத்தைப் போலச் சிலருக்கு மட்டும் கொடுக்கவா, அனைவருக்கும் கொடுக்கவா என்று ஹெர்மீஸ் கேட்டதற்கு, அனைவருக்கும் என்று விடை வந்தது. ஈஸ்கிலஸின் கொடுங்கோலன் இங்கே மனிதரைக் காப்பவன். திருடித் தரப்பட்ட தொழில்நுட்பமோ தன்னளவில் போதாதது. இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு, கிரேக்கச் சிந்தனை புரொமீதியஸை வியந்ததோடு நிற்காமல் அவன் கொடையை எடைபோடவும் செய்தது என்பது விளங்கும்.

கிறித்தவத் திருச்சபை இக்கதையைக் கையாண்ட விதத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மனிதனை மண்ணிலிருந்து வனைந்த உண்மையான புரொமீதியஸ் எல்லாம் வல்ல இறைவனே என்று டெர்ட்டூலியன் எழுதினார். அகஸ்டின் தம் ‘கடவுளின் நகரம்’ என்ற நூலில், புரொமீதியஸ் சிறந்த அறிவாசிரியனாக விளங்கியதால்தான் மண்ணிலிருந்து மனிதரைச் செய்தவன் என்று அவனைப் பற்றிச் சொல்லப்பட்டது என்றார். பழைய தெய்வங்கள் எல்லாம் ஒருகாலத்தில் புகழோடு வாழ்ந்த மனிதர்களே என்னும் இவ்வகை விளக்கத்துக்கு, கி.மு. 300 அளவில் அதைப் பரப்பிய யூஹெமெரஸின் பெயரால் யூஹெமெரியம் என்று பெயர். பகைவர்கள் கையாண்ட இந்த விளக்கமே தொன்மங்களைக் காப்பாற்றியும் கொடுத்தது; ஏனெனில், தெய்வமல்லாத ஒருவனின் கதையைத் துறவியும் மாணவனும் பாவம் இல்லாமல் படிக்கலாம். 14ஆம் நூற்றாண்டில் பொக்காச்சியோ பழந்தெய்வங்களின் குலவரிசையைத் தொகுத்த பெருநூலில் புரொமீதியஸுக்கு இந்த வழியிலேயே இடம் கிடைத்தது.

1609இல் ஃபிரான்சிஸ் பேக்கன் வெளியிட்ட ‘முன்னோரின் ஞானம்’ என்னும் சிறுநூலில் இந்தக் கதைக்கு நீண்ட விளக்கம் உண்டு. புரொமீதியஸுக்காக நடந்த பந்த ஓட்டத்தை அவர் அறிவியலுக்கு உவமையாக்கினார்: ஒருவனுடைய வேகத்தால் அறிவு நிறைவடையாது, கைமாறிக் கைமாறி அணையாமல் செல்ல வேண்டும் என்பதே அவர் கண்ட பொருள். கழுகின் தண்டனைக்கு அவர் தரும் காரணம் இன்னும் வியப்பானது. நெருப்பைத் திருடியதை விட்டுவிட்டு, அறிவுத் தெய்வமான மினர்வாவின் கற்பைக் குலைக்க முயன்றதாக ஒரு கிளைக்கதை சொல்வதை அவர் எடுத்துக்கொண்டு, இறைஞானத்தைப் புலனறிவுக்கும் பகுத்தறிவுக்கும் கீழ்ப்படுத்த முயல்வதே அந்தக் குற்றம் என்கிறார். புதிய அறிவியலுக்கு வாதாடியவர் அதற்கு வேலியும் தாமே போட்டார்.

அந்த வேலி உடைந்த இடத்தைத் தேதியோடு சுட்டிக்காட்ட முடிகிறது. 1770களின் தொடக்கத்தில் இளைஞரான கதே ‘புரொமீதியஸ்’ என்ற குறுங்கவிதையை எழுதினார். தன் பட்டறையில் தன் சாயலில் மனிதரை வனையும் நாயகன், குழந்தைகளும் பிச்சைக்காரர்களும் தரும் காணிக்கையால் பிழைக்கும் தெய்வங்களை அதில் எள்ளி நகையாடுகிறான். கவிதை அச்சேறாமல் கைப்படியாகவே சுற்றியது. 1780 கோடையில் ஃபிரீட்ரிக் யாக்கோபி என்ற தத்துவ அறிஞர் வோல்ஃபென்பூட்டல் நகர நூலகரான லெசிங்கைச் சந்தித்து, சினம் கொள்வார் என்று எதிர்பார்த்து அக்கவிதையைப் படிக்கக் கொடுத்தார். ஜெர்மானிய அறிவொளி இயக்கத்தின் மூத்த எழுத்தாளரான லெசிங் சினம் கொள்ளவில்லை; அது தம்முடைய கருத்தே என்றார்; இறைவனைப் பற்றிய மரபான எண்ணங்கள் தமக்கு இனி ஏற்புடையன அல்ல என்றும், தாம் எவரையேனும் பின்பற்றுவதானால் அது ஸ்பினோசாவாகவே இருக்கும் என்றும் சொன்னதாக யாக்கோபி பின்னர் அறிவித்தார். இறைவனும் இயற்கையும் ஒன்றே என்ற ஸ்பினோசாவின் கொள்கை அக்காலத்தில் நாத்திகத்துக்கு மறுபெயராகவே கருதப்பட்டது.

லெசிங் 1781இல் இறந்தார். 1785இல், அவருடைய நெருங்கிய நண்பரான யூதத் தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சனுக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் யாக்கோபி இந்த உரையாடலை நூலாக வெளியிட்டபோது, கதேயின் கவிதையையும் அனுமதி பெறாமல், ஆசிரியர் பெயரின்றி, தணிக்கைக்காரர் எதிர்த்தால் உருவி எடுத்துவிடத் தோதான தனித்தாளில் அச்சிட்டுச் சேர்த்தார். நண்பரின் பெயரைக் காக்க எழுதத் தொடங்கிய மெண்டல்சன் 1786 ஜனவரியில் காலமானார். இந்தச் சர்ச்சையே அவர் உயிரைக் குடித்தது என்று அவருடைய நண்பர்கள் சிலர் நம்பினர். எல்லாம் இறைமயம் என்னும் கொள்கையைப் பற்றியது என்பதால் இது இறைமயவாதச் சர்ச்சை என்று பெயர்பெற்றது. ஒரு நூற்றாண்டாக ஒதுக்கப்பட்டிருந்த ஸ்பினோசாவை ஜெர்மானியத் தத்துவத்தின் நடுக்கூடத்துக்கு அது கொண்டுவந்தது. ஹெர்டர், ஷெல்லிங், ஹெகல் ஆகியோர் அவரைப் புதிதாகப் படித்தனர். கிறித்தவ இறைவனைப் பற்றி லெசிங் வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லவைக்க, ஜீயஸைத் திட்டும் ஒரு கவிதை தேவைப்பட்டது. தொன்மம் ஒப்பனையாக நிற்காமல் தத்துவத்தின் போக்கையே மாற்றிய தருணம் என்று வேறெதையும்விட இதைச் சொல்லலாம்.

அதன் பிறகு வழக்கு வேகமெடுத்தது. 1818இல் வெளிவந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலுக்கு மேரி ஷெல்லி தந்த துணைத்தலைப்பு ‘நவீன புரொமீதியஸ்’. 1820இல் அவருடைய கணவர் பெர்சி ஷெல்லி, தொலைந்துபோன நாடகத்தின் பெயரிலேயே ‘விடுதலை பெற்ற புரொமீதியஸ்’ எழுதினார். மனிதரின் காவலனை ஒடுக்குபவனோடு சமரசம் செய்துவைக்கத் தமக்கு மனமில்லை என்று முன்னுரையில் வெளிப்படையாக அறிவித்து, ஜீயஸை அரியணையிலிருந்து வீழ்த்தினார். கார்ல் மார்க்ஸ் 1841ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேட்டின் முன்னுரையில், தத்துவத்தின் நாட்காட்டியில் முதலிடம் பெறும் புனிதனும் தியாகியும் புரொமீதியஸே என்றார். ஈராண்டுக்குப் பின் அவர் ஆசிரியராக இருந்த நாளிதழ் தடைசெய்யப்பட்டபோது, அச்சு இயந்திரத்தில் பிணைக்கப்பட்ட மார்க்ஸைப் பிரஷ்யக் கழுகு கொத்துவதாக ஒரு கேலிச்சித்திரம் வந்தது. இவர்களுள் மேரி ஷெல்லியின் பார்வையே கூர்மையானது. அவருடைய நாயகனின் குற்றம் உயிரைப் படைத்ததைவிட, படைத்ததைக் கண்டு அஞ்சி அதைக் கைவிட்டு ஓடியதில்தான் இருக்கிறது. கணவர் கொடுங்கோலனை வீழ்த்திக் கொண்டாடிய இடத்தில், மனைவி நாணமும் நீதியும் இல்லாத கைத்திறனைக் கண்டார். பிளேட்டோவின் கதைக்கு மிக அருகில் வந்தவர் அவரே.

இருபதாம் நூற்றாண்டில் நெருப்பு அணுவுக்குள்ளிருந்து வந்தது. யுரேனியம் பிளவுபடும்போது உண்டாகும் பொருள்களிலிருந்து 1945இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்ட 61ஆம் தனிமத்துக்கு, கண்டறிந்தவர்களுள் ஒருவரின் மனைவி சொன்னபடி, புரொமீதியம் என்று பெயர் வைத்தனர். 1956இல் தத்துவ அறிஞர் குந்தர் ஆண்டர்ஸ் ‘புரொமீதிய நாணம்’ என்னும் கருத்தை முன்வைத்தார்: தான் செய்த இயந்திரங்களின் குறையற்ற நேர்த்தியின் முன், செய்யப்படாமல் பிறந்துவிட்ட தன் உடலைக் கண்டு மனிதன் வெட்குகிறான் என்றார். 1979இல் தத்துவ அறிஞர் ஹான்ஸ் யோனாஸ் தம் ‘பொறுப்பு என்னும் கோட்பாடு’ நூலை, முற்றிலும் கட்டவிழ்ந்துவிட்ட புரொமீதியஸ் தானே முன்வந்து தன்னைக் கட்டுக்குள் வைக்கும் ஓர் அறத்தை வேண்டி நிற்கிறான் என்ற கருத்தோடு தொடங்கினார். ஷெல்லி ஜீயஸை வீழ்த்திவிட்டதால் கட்டுவதற்கு வெளியே எவரும் இல்லை என்பதே யோனாஸ் எதிர்கொண்ட இடர்ப்பாடு.

யோனாஸின் நூல் தலைப்பே ஒரு மறுப்பு. மார்க்ஸியச் சிந்தனையாளரான எர்ன்ஸ்ட் பிளாக் 1950களில் ‘நம்பிக்கை என்னும் கோட்பாடு’ என்று மூன்று தொகுதிகள் வெளியிட்டிருந்தார். இன்னும் வராத நல்லுலகை நோக்கி மனிதனை உந்துவது நம்பிக்கையே என்ற அவருக்கு எதிராக, தொழில்நுட்பத்தின் காலத்தில் நல்ல முன்னறிவிப்பைவிடத் தீய முன்னறிவிப்புக்கே செவிசாய்க்க வேண்டும் என்றும், எது காக்கத்தக்கது என்பதை அச்சமே கற்றுத்தரும் என்றும் யோனாஸ் வாதிட்டார். இந்தச் சண்டையின் வித்து கிரேக்க நாடகத்திலேயே கிடக்கிறது. மனிதருக்கு என்ன செய்தாய் என்று கேட்கப்படும்போது புரொமீதியஸ் முதலில் சொல்வது நெருப்பைப் பற்றியன்று. தமக்கு வரவிருக்கும் முடிவை முன்கூட்டியே காணும் நிலையிலிருந்து மனிதரைத் தான் விடுவித்ததாகவும், அதற்கு மருந்தாகக் குருட்டு நம்பிக்கைகளை அவர்களுக்குள் குடியேற்றியதாகவும் சொல்கிறான். கேட்டுக்கொண்டிருந்த கடற்கன்னியர் அதைப் பெரும் நன்மை என்று பாராட்டிய பிறகே, நெருப்பையும் கொடுத்தேன் என்கிறான். முடிவைக் காணாத கண்ணும் எரிக்கும் கையும் ஒரே கொடையாளியிடமிருந்து, அந்த வரிசையில் வந்தன. முன்னதைப் பிளாக் மூன்று தொகுதிகளில் போற்றினார், அதைத்தான் யோனாஸ் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்.